ஓஷ் போகும் வண்டி

முர்காப் சந்தையில் போய், நாளைக்கு ஓஷ் போகும் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "எந்த மணி? துஷான்பே மணியா, ஓஷ் மணியா?" முர்காப் இருப்பது தஜிகிஸ்தானில். அரசாங்கக் கணக்குப்படி அங்கே தலைநகர் துஷான்பேயின் நேரம்தான். ஆனால் ஊரில் பெரும்பாலோர் கிர்கிஸ் இனத்தவர். எல்லைக்கு அந்தப் பக்கம், சுமார் 420 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்து நேரத்தைத்தான் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேர வித்தியாசம். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஓஷ் மணிக்காரர்கள்.

2019 கோடையில் அந்த வண்டிகளில் ஒன்றில் நானும் ஏறினேன். கிசில் ஆர்ட் என்ற 4,280 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி, தஜிகிஸ்தானிலிருந்து கிர்கிஸ்தானுக்குள் இறங்கும் பாதை அது. அடுத்த ஆண்டே அந்த எல்லை மூடப்பட்டது. பிறகு வருடக்கணக்கில் மூடியே கிடந்தது. 2025 மார்ச்சில் இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, ஊர் சுற்றுவதில் ஆர்வமுள்ள நண்பர்கள் பலர் இந்த வழியைப் பற்றி விசாரிக்கிறார்கள். போக வேண்டிய இடம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சாலை நம்மைப் போன்ற பயணிகளுக்காகப் போட்டது அல்ல. அங்கே வாழ்கிறவர்களுக்கு மாவும் மருந்தும் வந்து சேருகிற வழி அது. அதைத் தெரிந்துகொண்டு போனால் கணவாயில் நம் கண்ணில் படுவதே வேறாக இருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முர்காப் மாவட்டத்தின் பரப்பு கிட்டத்தட்ட நம் கேரளத்தின் பரப்பு. அங்கே வாழ்கிறவர்கள் சுமார் 15,000 பேர். ஊரே 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரம் வளராது, பயிர் வராது. 1893-ல் ரஷ்யப் பேரரசு இங்கே ஒரு ராணுவக் காவல்நிலையை அமைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவும் ரஷ்யாவும் பாமிர் மலைகளை யார் பிடிப்பது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். 1895-ல் இரு தரப்பும் எல்லை ஆணையம் வைத்துக் கோடு போட்டு முடித்தார்கள். சிப்பாய்களுக்கு வேண்டிய எல்லாம் அப்போதே வடக்கிலிருந்து, ஓஷ் பக்கத்திலிருந்துதான் வந்தன. சோவியத் ஆட்சி வந்ததும் 1931-லிருந்து 1934-க்குள் ஓஷையும் பாமிர்ப் பகுதியின் தலைநகர் கோரோகையும் இணைத்து மோட்டார் சாலை போட்டது. இன்று எம்-41 என்றும் பாமிர் நெடுஞ்சாலை என்றும் சொல்வது இதைத்தான். ஆக, இந்த ஊர் பிறந்ததிலிருந்தே அதற்கு வாசல் வடக்குப் பக்கம்.

அந்த வாசலின் அருமை 1990-களில் தெரிந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் நிலக்கரியும் டீசலும் மானிய விலை மாவும் நின்றுபோயின. 1992-ல் தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் தொடங்கி 1997 வரை நீடித்தது. துஷான்பேயிலிருந்து மலைக்கு வரும் வழி அடைபட்டது. பாமிர் மக்கள் பட்டினியின் விளிம்பில் நின்றார்கள். 1993-லிருந்து ஆகா கான் அறக்கட்டளையின் உணவு லாரிகள் ஓஷிலிருந்து கிளம்பி, இதே கிசில் ஆர்ட் கணவாயைத் தாண்டி, முர்காப் வழியாகக் கோரோக் வரைக்கும் போயின. ஓஷிலிருந்து கோரோக் 700 கிலோமீட்டருக்கும் மேல். குளிர்காலத்தில் அந்தக் கணவாயில் லாரி ஓட்டுவது என்றால் என்ன என்பதை ஆகஸ்ட் மாதத்தில் அங்கே நின்ற எனக்கே ஓரளவு கற்பனை செய்ய முடிந்தது. இன்று நாற்பது வயதாகும் ஒரு பாமிர்க்காரரிடம் பேசிப் பாருங்கள், அந்த மாவு மூட்டைகள் நினைவில் இருக்கும்.

நிலக்கரி நின்றுபோனதன் தழும்பு இன்னும் தரையில் இருக்கிறது. டெரெஸ்கென் என்று ஒரு குத்துச்செடி. கணுக்கால் உயரம்தான் இருக்கும், ஆனால் வேர் கட்டை மாதிரி தடிமன். ஆடு, யாக் என்கிற சடை எருமை எல்லாம் குளிர்காலத்தில் மேய்வது இதைத்தான். அடுப்புக்கு வேறு வழியில்லாமல் மக்கள் இதை வேரோடு பிடுங்கி எரிக்க ஆரம்பித்தார்கள். மிக மெதுவாக வளரும் செடி என்பதால், பிடுங்கிய இடம் வெறும் சரளை மண்ணாகவே நின்றுவிடுகிறது. முர்காப்பைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு அப்படித்தான் இருக்கிறது. நான் தங்கிய வீட்டில் யாக் சாணத்து வறட்டியையும் டெரெஸ்கென்னையும் கலந்துதான் எரித்தார்கள். அந்தப் புகை வாசம் என் கம்பளிச் சட்டையில் ஊர் திரும்பிய பிறகும் இருந்தது.

சந்தை என்றேன் அல்லவா, அது வரிசையாக நிறுத்திய சரக்குக் கண்டெய்னர்கள். கதவைத் திறந்தால் கடை. சீனாவிலிருந்து 4,362 மீட்டர் உயரக் குல்மா கணவாய் வழியாக வரும் பாத்திரம், செருப்பு, பிளாஸ்டிக் சாமான் ஒரு பக்கம். ஓஷிலிருந்து வரும் மாவு, வெங்காயம், ஆப்பிள், தர்பூசணி இன்னொரு பக்கம். குல்மா 2004-லேயே திறந்துவிட்டது என்றாலும் அப்போது எங்களைப் போன்ற மூன்றாம் நாட்டினருக்கு அனுமதி இல்லை. எனக்கு வடக்கு வழி ஒன்றுதான்.

வண்டி என்பது பழைய மிட்சுபிஷி பஜேரோ. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ஓட்டுநரை எல்லோரும் பைக்கே என்று கூப்பிட்டார்கள். நாம் அண்ணே என்று கூப்பிடுவோமே, அந்த இடத்தில் வரும் சொல். முன் இருக்கையில் ஓஷ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் ஒரு மாணவன். அவன் ஆங்கிலம் கொஞ்சம் பேசியதால்தான் இந்தக் கட்டுரையில் வரும் பேச்செல்லாம் எனக்குப் புரிந்தது. என் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பூப்போட்ட தலைத்துணி, மடியில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய யாக் வெண்ணெய். ஓஷில் கண் அறுவை சிகிச்சைக்குப் போகிறார். வழியில், எல்லைக்கு அந்தப் பக்கம் கிர்கிஸ்தானின் சாரி-தாஷ் ஊரில் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார், வெண்ணெய் அவளுக்கு. பின்னால் மூட்டை மூட்டையாகக் கம்பளமும், குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டைகளும்.

முர்காப்பிலிருந்து வடக்கே போனால் முதலில் அக்-பைதால் கணவாய். 4,655 மீட்டர், பாமிர் நெடுஞ்சாலை முழுவதிலும் உயரமான இடம். உச்சியில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை; வண்டி முனகிக்கொண்டே ஏறி, முனகிக்கொண்டே இறங்கியது. உயரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பாதையில் எல்லைக் காவலர்களைவிடக் கண்டிப்பானது அதுதான். 4,200 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. ஓஷ் சுமார் 1,000 மீட்டர்தான். அங்கிருந்து காலையில் கிளம்பி இரவு காராகுல் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் 3,900 மீட்டரில் படுத்தால் அந்த விதி என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஏறி வந்த ஓர் இளைஞனை முர்காப்பில் பார்த்தேன். நல்ல உடற்கட்டு, ஓட்டப்பந்தய வீரன். இரண்டு நாள் தலையைத் தூக்க முடியாமல், தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் கிடந்தான். உடல் வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் கோரோக் பக்கத்திலிருந்து, வாக்கான் பள்ளத்தாக்கில் இரவுக்கு இரவு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வந்ததால் தப்பித்தேன். ஆகவே, முடிந்தால் தெற்கிலிருந்து வடக்கே போங்கள். உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையைக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, நடை தடுமாறினாலோ, உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். இறங்குவதற்குத்தான் அங்கே வழி சுலபமாக இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அக்-பைதாலுக்கு அப்பால் சாலையின் வலப்பக்கமாக ஒரு கம்பி வேலி கூடவே வர ஆரம்பிக்கும். சோவியத் காலத்தில் சீன எல்லையை ஒட்டிப் போட்ட வேலி. உண்மையான எல்லை அதற்கும் அப்பால், மலை முகடுகளில் இருக்கிறது. பல இடங்களில் கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை. விறகுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் போய்விட்டன. 2011-ல் தஜிகிஸ்தான் பாமிரில் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சீனாவுக்கு விட்டுக்கொடுத்து எல்லைத் தகராறை முடித்துக்கொண்டது. அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டே மாணவன் இதைச் சொன்னபோது, அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அப்பாவின் கோடை மேய்ச்சல் நிலம் அந்தத் திசையில்தான் இருந்ததாம். அதை அவன்தான் பிறகு சொன்னான்.

காராகுல் ஏரி திடீரென்று கண்ணில் படும். சரளையும் பழுப்புமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நீலம் நம்ப முடியாததாக இருந்தது. 380 சதுர கிலோமீட்டர் பரப்பு. விண்கல் மோதி உண்டான, சுமார் 52 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டப் பள்ளத்துக்குள் அது இருக்கிறது. வெளியே போக ஆறு கிடையாது, அதனால் தண்ணீர் உப்பு. தஜிக் தேசியப் பூங்காவோடு சேர்ந்து 2013-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இந்த ஏரிக் கரையில் வரித்தலை வாத்துகள் கூடு கட்டுகின்றன. குளிர்காலத்தில் நம் திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கு வருகிறதே, அதே இனம். சிறு வயதில் கூந்தன்குளத்துக் கரையில் நின்று, இவை எங்கோ இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று கேட்டவன் நான். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அப்போது யோசித்திருக்கிறேன். காராகுலில் இறங்கி நின்ற அரை மணி நேரத்தில் ஏரி விளிம்பில் ஒரு கூட்டம் தெரிந்தது. ரொட்டி, யாக் பாலின் கைமாக், உப்புத் தேநீர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். கைமாக் என்பது நம்மூர் பாலாடைதான், ஆனால் கரண்டி நிற்கும் கெட்டி.

ஏரியைத் தாண்டி, ஒரு சிறு கணவாயும் மர்கன்சு என்ற காற்று அடித்துக்கொண்டே இருக்கும் பாழ்நிலமும் கடந்தால், தஜிக் எல்லைச் சாவடி. சில இரும்புக் கூடாரங்கள், ஒரு தடுப்புக் கம்பம், ஒரு கொடி. குடியேற்றம் ஒரு அறையில், சுங்கம் ஒரு அறையில், போதைப்பொருள் தடுப்பு ஒரு அறையில். 1990-களில் ஆப்கன் அபின் வடக்கே போன பெரிய வழிகளில் கோரோக்-ஓஷ் சாலையும் ஒன்று. அதனால் இங்கே சோதனையை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மூட்டைகளை இறக்கி, நாய் மோப்பம் பிடித்து, மறுபடி ஏற்றும் வரை காற்றில் நிற்க வேண்டும். நான்காயிரம் மீட்டருக்கு மேல் நிழலில் நின்றால் ஆகஸ்டிலும் விரல் மரத்துப்போகிறது.

என் பாஸ்போர்ட்டைப் பார்த்த சிப்பாய்க்கு இருபது வயது இருக்கலாம். கட்டாய ராணுவ சேவைக்கு வந்தவன், தெற்குச் சமவெளிப் பருத்தி ஊரிலிருந்து. உதடு வெடித்து, கன்னம் காய்த்திருந்தது. பெரிய பேரேட்டில் எல்லாவற்றையும் கையால் எழுதினான். தமிழர்கள் பலரைப் போல என் பாஸ்போர்ட்டிலும் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். எங்கள் ஊரில் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் என்று மாணவன் மூலம் சொன்னேன். அப்படியானால் அப்பா பெயரைச் சொல்லுங்கள் என்றான். சொன்னேன். ரஷ்ய வழக்கத்தில் தகப்பன் பெயருக்கென்றே ஒரு கட்டம் உண்டே, அதில் சிரிலிக் எழுத்தில் ஒவ்வொரு ஒலியாகக் கேட்டுக் கேட்டு எழுதினான். டெல்லி விமான நிலையத்தில்கூட என் அப்பா பெயரை யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டது கிடையாது. பாமிருக்கான தனி அனுமதிச் சீட்டைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

அங்கிருந்து ஏறினால் கணவாய் உச்சி. மார்க்கோ போலோ ஆடு என்கிற மலை ஆட்டின் சிலை, வளைந்த பெரிய கொம்புகளோடு. பெயர்ப் பலகை. எல்லோரும் படம் எடுத்துக்கொள்வது இங்கேதான், நானும் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா வண்டியிலிருந்து இறங்கவில்லை, கண்ணை மூடிக் கையேந்தி ஏதோ ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டதும் பைக்கே வண்டியைக் கிளப்பினார்.

தஜிக் சாவடிக்கும் கிர்கிஸ் சாவடிக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் மனதில் நிற்பது கணவாயும் ஏரியும் அல்ல, இந்த இருபது கிலோமீட்டர்தான். ஒரு நாட்டை விட்டு வெளியேறியாயிற்று, இன்னொன்றில் இன்னும் நுழையவில்லை. மண் செங்கல் சிவப்பு. சாலை என்று ஒன்று இருந்த அடையாளம் அங்கங்கே உண்டு. மீதியை ஓடை அரித்துவிட்டது. எந்த நாட்டுப் பொதுப்பணித் துறையும் இங்கே மண்வெட்டி எடுத்து வருவதில்லை. பாலம் உடைந்த இடத்தில் வண்டி ஆற்றுக்குள் இறங்கி ஏறியது. மழை பெய்தால் இந்தச் சிவப்பு மண் சோப்புக் குழம்பாகிவிடும், அன்றைக்கு யாரும் போகக்கூடாது என்றார் பைக்கே. எதிரே இரண்டு சைக்கிள்காரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தார்கள். பைக்கே வண்டியை நிறுத்தி, கேட்காமலே ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு ரொட்டியும் கொடுத்தார்.

நடுவழியில் ஒரு வீடு இருந்தது. சோவியத் காலத்தில் சாலைப் பராமரிப்பு ஆட்களுக்காகக் கட்டியது என்று மாணவன் சொன்னான். வேலி போட்ட ஆட்டுப்பட்டி, கட்டிப்போட்ட நாய், வாசலில் ஒரு குழந்தை. பனியில் சிக்கிக்கொள்ளும் லாரிக்காரர்கள் இங்கேதான் ஒதுங்குவார்களாம். எந்த நாட்டுச் சாவடியின் பக்கத்திலும் இல்லாத அந்த வீட்டுக்காரர்களைப் பைக்கே பெயர் சொல்லி நலம் விசாரித்தார், ஒரு மூட்டை மாவை இறக்கிவைத்தார். மாவுக்குக் காசு கைமாறியதை நான் பார்க்கவில்லை.

1991 வரைக்கும் இங்கே சாவடியே கிடையாது. தஜிக், கிர்கிஸ் இரண்டும் ஒரே ஒன்றியத்தின் குடியரசுகள். நடுவில் இருந்தது நிர்வாகக் கோடு. மேய்ச்சலுக்கு யாக் கூட்டம் எந்தப் பக்கமும் போகும், கல்யாண ஊர்வலமும் போகும். அந்த அம்மா மகளைக் கட்டிக்கொடுத்தபோது அது பக்கத்து மாவட்டத்துக்குக் கட்டிக்கொடுத்த மாதிரிதான் இருந்திருக்கும். கல்யாணம் நடந்தது சோவியத் காலத்தின் கடைசி வருடங்களில். பேரப்பிள்ளைகள் பிறந்தபோது நடுவில் இரண்டு தேசம் வந்துவிட்டது. வேறெந்தப் பாடமும் எல்லை என்றால் என்ன என்பதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

போர்-தோபோ என்ற கிர்கிஸ் சாவடியில் கட்டடங்கள் கொஞ்சம் பெரிது, கணினியும் உண்டு. வேலை சீக்கிரம் முடிந்தது. இந்தியர்களுக்கு ஒரு குறிப்பு: கிர்கிஸ் மின்விசா எல்லா நுழைவுச் சாவடிகளிலும் செல்லாது, அதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. நான் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவே வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கிளம்பும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால், தஜிக் விசாவும் ஒருமுறை நுழைவுக்கானதாக இருந்தால், திரும்பவும் முடியாது.

சாவடிக்கு அப்பால் அலாய் பள்ளத்தாக்கு திறந்துகொள்கிறது. பச்சைப் புல். எத்தனையோ நாளைக்குப் பிறகு பச்சை. திரும்பிப் பார்த்தால் நாங்கள் இறங்கி வந்த மலைத்தொடர் முழுதும் வெண்மையாக ஒரு சுவர் போல் நிற்கிறது. அதில் 7,134 மீட்டர் லெனின் சிகரம். அதே சிகரத்துக்கு 2006-ல் தஜிகிஸ்தான் இபின் சினா என்று பெயர் மாற்றிவிட்டது. பள்ளத்தாக்கில் ஓடும் கிசில்-சூ ஆறு மேற்கே போய், தஜிகிஸ்தானுக்குள் நுழைந்து, வக்ஷ் ஆறாக நூரெக் அணையில் மின்சாரம் தருகிறது.

சாரி-தாஷில் மகள் சாலை ஓரத்திலேயே காத்திருந்தாள். கூடவே ஒரு பேத்தி, பத்து வயது இருக்கும். அம்மா இறங்கியதும் மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜாடி கைமாறியது. மகளும் ஓஷுக்குக் கூட வருகிறாள், ஆஸ்பத்திரியில் துணைக்கு. அவளுக்கு இடம் விட்டு நானும் மாணவனும் நெருங்கி உட்கார்ந்தோம். தல்திக் கணவாய், குல்சா, அப்புறம் மரங்கள், தர்பூசணிக் கடைகள், வெப்பம். இரவு ஓஷ். ஆஸ்பத்திரி வாசல் வரை பைக்கே அவர்களைக் கொண்டுபோய் விட்டார்.

2020 மார்ச்சில் கோவிட்டால் எல்லை மூடியது. எல்லா நாட்டிலும் மூடினார்கள், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் திறக்க வேண்டிய நேரத்தில் 2021 ஏப்ரலில் இரு நாடுகளுக்கும் சண்டை வந்தது. இங்கே அல்ல, மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பட்கென் - இஸ்ஃபாரா பகுதியில், பாசனத் தண்ணீர் திருப்பும் ஒரு நிலையத்தைச் சுற்றி. 2022 செப்டம்பரில் மறுபடி, இன்னும் கொடுமையாக. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அந்தச் சண்டையில் முர்காப்புக்கும் சாரி-தாஷுக்கும் எந்தப் பங்கும் இல்லை. இங்கே இரண்டு பக்கமும் இருப்பது ஒரே மக்கள். ஆனாலும் கதவு அவர்களுக்கும் சேர்த்துத்தான் அடைக்கப்பட்டது. முர்காப்பில் ஓஷ் மாவு வராது. கண் ஆபரேஷனுக்கு 300 கிலோமீட்டர் தென்மேற்கே கோரோக், அங்கேயும் முடியாவிட்டால் மலையெல்லாம் சுற்றித் துஷான்பே. சாரி-தாஷ் மகளைப் பார்க்க வேண்டுமானால் மூன்றாவது நாடு வழியாகத்தான் போக வேண்டும்; அதற்கு ஆகும் செலவு ஒரு யாக்கின் விலையைவிட அதிகம் என்று அந்த மாணவன் ஒருமுறை செய்தி அனுப்பினான். அவனும் இரண்டு வருடம் வீட்டுக்குப் போக முடியவில்லை. அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன். கண் நன்றாகத் தெரிகிறது, மகளைத்தான் பார்க்க முடியவில்லை என்று எழுதினான். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. பயணிகள் மன்றங்களில் எல்லாம், பாமிர் நெடுஞ்சாலையை முழுதாக முடிக்க முடியவில்லையே என்ற வருத்தம்தான் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

2025 மார்ச் 13-ஆம் தேதி பிஷ்கெக்கில் இரு நாட்டு அதிபர்களும், சாதிர் ஜபாரோவும் எமொமாலி ரஹ்மோனும், சுமார் 1,000 கிலோமீட்டர் எல்லை முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டார்கள். மேற்கே கைராகாச், கிசில்-பெல் சாவடிகள் அன்றைக்கே திறந்தன. சோவியத் வரைபடங்களை வைத்துக்கொண்டு முப்பது வருடமாக நடந்த வாக்குவாதம், ஊருக்கு ஊர் நிலம் மாற்றிக்கொண்டு, தண்ணீர் நிலையத்துக்குப் பொது ஏற்பாடு செய்துகொண்டு முடிந்தது. இதை நான் பெரிய சாதனை என்றே நினைக்கிறேன். எல்லைச் சண்டைகள் முடியவே முடியாது என்று எல்லோரும் பேசும் காலத்தில், சின்னஞ்சிறு இரண்டு ஏழை நாடுகள் உட்கார்ந்து முடித்துக் காட்டியிருக்கின்றன.

இனி போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கணவாய் தாண்ட எத்தனை வண்டி உண்டோ, அவற்றை நம்பித்தான் அந்த ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகள் டாலர் கொடுத்து முழு வண்டியை எடுத்துக்கொள்ளும்போது, அன்றைக்கு ஓஷ் போகவேண்டிய மூன்று நான்கு பேர் முர்காப் சந்தையிலேயே நின்றுவிடுகிறார்கள். இருக்கைக்குப் பணம் கொடுத்து அவர்களோடு போங்கள். முழு வண்டி எடுத்தே ஆகவேண்டும் என்றால், காலி இடங்களை ஊர்க்காரர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்கும்படி ஓட்டுநரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். காராகுலில் ஒரு வீட்டில் ஒரு இரவு தங்கி, அங்கேயே சாப்பிடுங்கள்; அந்தக் காசு அந்தக் கிராமத்திலேயே நிற்கும். அப்புறம் முர்காப்பிலிருந்து போகும்போது உங்கள் மூட்டையைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், வெண்ணெய் ஜாடிக்கும் கம்பளத்துக்கும் இடம் வேண்டும்.